ஓடும் பழமை

தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிக்கும் காஞ்சியிலிருந்த தொண்டைமானுக்கும் பகை மூண்டது. அப்பகையைத் தணிக்கும் பொருட்டு ஔவையார் தூது சென்றார். தொண்டைமான் தன் படைவலியைக் காட்ட எண்ணி, அவரைத் தன் படைக்கலக் கொட்டிலுக்கு அழைத்துச் சென்றான். அங்கே வேலும் வாளும் எண்ணெய் பூசப்பெற்று, மயிற்பீலியும் பூமாலையும் அணிந்து, அழகுற அடுக்கப்பட்டிருந்தன. அவற்றைக் கண்ட ஔவையார், இவை இங்கே நலமாக இருக்கின்றன. எங்கள் அதியமானுடைய வேல்களோ நுனி முரிந்து எந்நாளும் கொல்லனுடைய சிறிய பட்டறையிலேயே கிடக்கின்றன என்னும் கருத்துப்படப் பாடினார். புகழ்வதுபோல் இகழ்ந்தும், இகழ்வதுபோல் புகழ்ந்தும் நிற்கும் அப்பாட்டு, புறநானூற்றில் 95-ஆம் பாட்டாக அமைந்துள்ளது.

தகடூர் என்பது இன்றைய தருமபுரி. மாணவர்களே! ஔவையார் கண்ட அந்த இருவகைக் கொட்டில்களும் இன்றும் உள்ளன என்றால் நீங்கள் வியப்பீர்கள். ஆயின் வேல் இருந்த இடத்தில் மோட்டார் கார் இருக்கிறது, அஃதொன்றே வேறுபாடு. பழைய கார்களைத் துடைத்துப் பளபளப்பாக்கி நிறுத்தி வைப்பவரும் உளர். அவற்றைப் பழுது நீக்கி ஓடச் செய்து பேணுவாரும் உளர். இவ்விரண்டாம் வகையினரின் தொழில் எத்தகையது, அதனால் நாம் கற்கத்தகுவது யாது என்பதை இப்பாடத்தில் காண்போம்.

ஜெர்மனி நாட்டைச் சேர்ந்த கார்ல் பென்ஸ் என்பார், பெட்ரோலியத்தின் ஆவியால் இயங்கும் மூன்று சக்கர ஊர்தி ஒன்றுக்கு 1886-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர், அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ் அம்மையார், தம் மக்கள் இருவருடன் அவ்வூர்தியில் ஏறி, மான்ஹைம் நகரிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவைக் கடந்து தம் தாய்வீட்டை அடைந்தார். வழியில் எரிபொருட் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் அதனைக் குத்தித் திறந்தார் என்றும், சங்கிலி பழுதுபட்டபோது ஒரு கொல்லனிடம் கொடுத்துச் செப்பனிட்டார் என்றும் கூறுவர். எனவே, கார் தோன்றிய நாள்தொட்டே கொல்லனும் அதனோடு கூடவே இருக்கிறான் என்க.

1939-இல் இரண்டாம் உலகப்போர் தொடங்குவதற்கு முன் செய்யப்பட்டவற்றைப் போருக்கு முற்பட்ட கார்கள் என்பர். அவற்றுள் உலகெங்கும் பரவியது அமெரிக்க நாட்டில் ஹென்றி ஃபோர்டு என்பார் செய்த 'டி' வகைக் கார். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட எண்ணிக்கையில் அது செய்யப்பட்டது. 1914 முதல் 1925 வரை அதற்குக் கருமை நிறமே பூசினர். 'கார்' என்பதற்குத் தமிழில் கருமை என்றும் பொருள் உண்டு. ஆகவே, அக்காலத்து ஃபோர்டு வண்டி நம் மொழியில் இருவகையாலும் கார் ஆயிற்று!

என் பழைய மாணவர் ஒருவர் தருமபுரியில் மோட்டார் பட்டறை நடத்துகிறார். இளமையில் வேறோர் ஊரில் முதிய மேஸ்திரி ஒருவரிடம் பல்லாண்டு பணிசெய்து தொழில் கற்றவர் அவர். ஒருநாள், "ஐயா! உங்களுக்கு ஒன்று காட்ட வேண்டும், பட்டறைக்கு வாருங்கள்" என்று அழைத்தார். சென்றேன். அங்கே கூரையின்கீழ், புழுதி படிந்து, சக்கரங்கள் தளர்ந்து, இருக்கைகளின் நார் வெளிப்பட, ஒரு 'டி' வகை ஃபோர்டு நின்றது. ஒரு குடும்பத்தார் மாட்டுக்கொட்டிலில் பல்லாண்டு கிடந்த அதனைப் பழைய இரும்புக்கடையில் எடைக்குப் போடவிருந்தனர் என்றும், தாம் செய்தி அறிந்து சென்று, செப்பனிட்டுத் தருவதாகச் சொல்லி இங்கே கொணர்ந்ததாகவும் அவர் கூறினார்.

அதனைக் கேட்டதும் என் நெஞ்சு துணுக்குற்றது. நான் சிறுவனாக இருந்தபோது, எங்கள் தெருவில் அத்தகைய கார் ஒன்றைச் சம்மட்டியால் உடைத்து வண்டியில் ஏற்றிச் சென்றதை வேடிக்கை பார்த்தவன். அன்று அஃது எனக்கு விளையாட்டாக இருந்தது. ஓர் ஓலைச்சுவடியை அடுப்பில் இடுவதைக் கண்டு கைகொட்டி நின்றதற்கு ஒப்பான செயல் அது என்பதை, ஆண்டுகள் பல சென்றபின்னரே உணர்ந்தேன்.

"தம்பி! இதனை உடனே ஓட்டிப் பார்க்கலாமா?" என்று வினவினேன். அவர் நகைத்தார். "ஐயா! நெடுங்காலம் ஓடாதிருந்த எஞ்சினை முதல் நாளே ஓட்ட முயல்பவன் அதனைக் கொல்பவன்" என்றார். பின்னர்த் தம் முறையை ஒவ்வொன்றாக விளக்கினார்.

முதற்பணி, கையில் கருவி எடுப்பதன்று, குறிப்பேடு எடுப்பது. காரை நாற்புறமும் நிழற்படம் எடுத்தார். எஞ்சினில் பொறித்த எண்ணைப் படித்தார். ஃபோர்டு கம்பெனியின் பழைய பதிவுகளோடு அவ்வெண்ணை ஒப்பிட்டு, எஞ்சின் செய்யப்பட்ட காலத்தை அறியலாம். பின்பு கழற்றிய ஒவ்வோர் உறுப்புக்கும் எண்ணிட்டுச் சீட்டுக் கட்டினார். கழற்றுவது எளிது; கழற்றியவை எங்கே எவ்வாறு இருந்தன என்பதை மறவாதிருப்பதே அரிது.

இரண்டாவது, இறுகிய எஞ்சினைத் தளர்த்துதல். எஞ்சினுக்குள் சிலிண்டர் என்னும் குழல்களில் பிஸ்டன்கள் மேலும் கீழும் ஓடுகின்றன. நெடுநாள் நின்றால் துருவேறி அவை பற்றிக்கொள்ளும். அடித்துத் தளர்த்த முயன்றால் பிஸ்டன் உடையும். ஆகவே, அவர் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அத்துளைகளின் வழியே மண்ணெண்ணெயும் எஞ்சின் எண்ணெயும் கலந்து ஊற்றிப் பல நாட்கள் ஊறவிட்டார். நாள்தோறும் முன்புறக் கைப்பிடியை மெல்ல அசைத்துப் பார்ப்பார். அசையாவிடின் மீண்டும் எண்ணெய் ஊற்றுவார். பதினாறாம் நாளில் அது விரற்கிடை அளவு அசைந்தது. "அன்றைக்குத்தான் ஐயா எனக்கு நன்றாக உறக்கம் வந்தது" என்றார்.

மூன்றாவது, தாங்கிகளைப் புதுக்குதல். இத்தொழிலின் உயிர்நிலை இதுவே. எஞ்சினின் கிராங்க் தண்டு எஃகினால் ஆயது. அது சுழலும் இடங்களில் வெள்ளீயத்தோடு ஆண்டிமனியும் செம்பும் கலந்த மெல்லிய உலோகத்தை உருக்கி வார்த்திருப்பர். அதனை வெள்ளை உலோகம் என்பர். வன்மையான எஃகுக்கு மென்மையான உலோகத்தைத் தாங்கியாக வைத்தது ஏன்? எண்ணெய் குறைந்து உராய்வு மிகும்போது, தேய்வது விலைமிக்க தண்டாக இராமல், மீண்டும் வார்க்கத்தக்க மெல்லுலோகமாக இருத்தல் வேண்டும் என்பதற்காகவே. வலியதைக் காக்க மெலியது தான் தேய்கின்றது.

பழைய உலோகத்தை உருக்கி நீக்கிப் புதியதை வார்த்தபின், தண்டின்மேல் மெல்லிதாக நீலச்சாயம் பூசித் தாங்கியில் வைத்துச் சுழற்றுவர். மேடான இடங்களில் நீலம் ஒட்டும். அவ்விடங்களை மட்டும் சுரண்டியால் மயிரிழை அளவு சீவுவர். மீண்டும் பூசுவர், மீண்டும் சீவுவர். தாங்கி முழுதும் சீராகப் பொருந்தும் வரை இப்பணி ஓயாது. பிற்காலத்துக் கார்களில், ஆலையிலேயே செய்து வரும் மெல்லிய தாங்கி ஓடுகளை மாற்றிவிட்டால் போதும். ஆதலின், கையால் வார்த்துச் சீவும் இக்கலை அறிந்தோர் அருகி வருகின்றனர். "என் மேஸ்திரி இருந்தவரை அவரிடம் கேட்டேன், எனக்குப் பின் யாரிடம் கேட்பார்கள் என்பதுதான் ஐயா என் கவலை" என்று அம்மாணவர் சொன்னபோது, அவர் குரல் தாழ்ந்தது.

நான்காவது, நீரோட்டத்தைச் சீர்ப்படுத்துதல். இக்காரின் எஞ்சினைக் குளிர்விக்கும் நீரைச் செலுத்த இறைப்பான் ஏதும் இல்லை. சூடேறிய நீர் அடர்த்தி குறைந்து தானே மேலேறி ரேடியேட்டரை அடையும். அங்கே குளிர்ந்து அடர்த்தி மிக்குக் கீழிறங்கி மீண்டும் எஞ்சினுக்கு வரும். இயற்கையின் விதியே இங்கு வேலையாள். ஆயின், உப்புப் படிந்து வழி குறுகினால் அவ்வேலையாள் நின்றுவிடுவான். நீர் கொதிக்கத் தொடங்கும். எனவே ரேடியேட்டரை நன்கு கழுவி, உப்புக் குறைந்த நீரையே ஊற்றினார்.

பெட்ரோலும் அவ்வாறே, இருக்கைக்கு அடியிலுள்ள தொட்டியிலிருந்து தன் எடையாலேயே எஞ்சினுக்கு இறங்கும். பெட்ரோல் குறைந்திருக்கும்போது தொப்பூர்க் கணவாய் போன்ற செங்குத்தான ஏற்றத்தில் முன்னோக்கி ஏறினால், எஞ்சின் தொட்டியினும் உயர்ந்துவிடும், பெட்ரோல் வாராது. அக்காலத்து ஓட்டுநர், காரைத் திருப்பிப் பின்னோக்கியே மலையேறினர். நிலைமையை அறிந்தவனுக்குப் பின்செல்வதும் முன்னேற்றமே ஆகும் போலும்!

ஐந்தாவது, சக்கரங்கள். இக்காரின் சக்கரங்கள் மரத்தாலானவை. ஆரக்கால்கள் உலர்ந்து தளர்ந்து கிறீச்சிட்டன. நீரில் ஊறவைத்தால் மரம் பருத்து இறுகும்; ஆனால், காய்ந்தபின் முன்னினும் தளரும். அது நோயை மறைப்பதேயன்றித் தீர்ப்பதன்று. இங்கே மோட்டார்த் தொழிலாளிக்குக் கைகொடுத்தவர் மாட்டுவண்டி செய்யும் முதிய தச்சர் ஒருவர். குடம், ஆரக்கால், வட்டை என்னும் மூன்றையும் பொருத்தும் நுட்பம் அவருக்குத் தலைமுறை வழி வந்தது. உளுத்துப்போன ஆரக்கால்களை மட்டும் நீக்கி, நன்கு முதிர்ந்து உலர்ந்த மரத்தில் புதியன செதுக்கி அடித்தார். அமெரிக்கச் சக்கரத்துக்குத் தருமபுரித் தச்சர் தந்த உயிர் அது.

இவ்வாறு பணி நடந்துகொண்டிருக்கையில் ஒரு பூசல் எழுந்தது. காருக்குரிய குடும்பத்து இளைஞர் ஒருவர் வந்தார். பளிச்சென்ற செந்நிறம் பூசவேண்டும், புதுவகை இருக்கைகள் வைக்கவேண்டும், பழைய எஞ்சினை எடுத்துவிட்டு வேறு புதிய எஞ்சினைப் பூட்டவேண்டும் என்றார். என் மாணவர் வாதிடவில்லை. கதவின் உட்புறத்தில், பிற்காலத்தில் பூசிய நிறங்களை மெல்லச் சுரண்டி, அடியில் இருந்த கருமையைக் காட்டினார். "நீங்கள் கேட்பதையெல்லாம் செய்யலாம். ஆனால், செய்தபின் இஃது உங்கள் பாட்டனார் ஓட்டிய கார் அன்று" என்றார். இளைஞர் நெடுநேரம் அக்கரும்புள்ளியையே நோக்கி நின்றார். பின்னர், "இருந்தபடியே செய்யுங்கள் அண்ணே" என்று கூறிச் சென்றார்.

தமிழ்ப் பணியில் காலங்கழித்த எனக்கு, அப்போது டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் நினைவுக்கு வந்தார்கள். 1894-ஆம் ஆண்டில் புறநானூற்றை அவர்கள் அச்சிட்டு வெளியிட்டது எவ்வாறு? செல்லரித்த சுவடிகள் பலவற்றைத் தேடித் திரட்டினார்கள், ஒன்றோடொன்று ஒப்பிட்டார்கள், வேறுபட்ட பாடங்களைக் குறித்தார்கள். அழிந்த அடிகளைத் தாமே புனைந்து நிரப்பினார்களா? இல்லை. புறநானூற்றின் 267, 268-ஆம் பாட்டுகள் கிடைத்தில. அவற்றிற்குரிய இடம் இன்றும் வெறுமையாகவே உள்ளது. அவ்வெறுமையே நேர்மை. சிதைந்த இடத்தில் தம் கற்பனையைப் பொருத்தியிருப்பின், ஔவையார் சொல் எது, பிறர் சொல் எது என நாம் அறியமாட்டோம். பழைய காரைப் புதுக்குவோனும் ஒரு பதிப்பாசிரியனே ஆவான். இருப்பதைக் காத்தல், இல்லாததை ஆராய்ந்து நிரப்புதல், நிரப்பியதை மறையாது குறித்தல் என்னும் மூன்றும் இருவர்க்கும் பொது.

இது நம் மாணவர் ஒருவரது கருத்து மட்டும் அன்று. பழைய ஊர்திகளுக்கான உலகக் கூட்டமைப்பு ஏற்றுக்கொண்ட தூரின் சாசனம், பழைய உறுப்புகளை இயன்றவரை காக்க வேண்டும் என்றும், செய்த மாற்றங்களை எழுதி வைக்க வேண்டும் என்றும் வற்புறுத்துகிறது. இந்திய அரசும் 2021-ஆம் ஆண்டில் இதற்கென விதிகளை வகுத்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்டனவாய், உடலும் சட்டமும் எஞ்சினும் பெரிதும் மாற்றப்படாது முதல் வடிவிலேயே உள்ள சொந்த ஊர்திகளைப் பழம்பெரும் ஊர்திகள் எனத் தனியே பதிவு செய்துகொள்ளலாம். அவற்றின் பதிவெண்ணில் 'வி.ஏ.' என்னும் எழுத்துகள் இடம்பெறும். அன்றாடப் போக்குவரத்துக்கும் வாணிகத்துக்கும் அவற்றைப் பயன்படுத்துதல் கூடாது. புது எஞ்சின் பூட்டியிருந்தால், அந்த இளைஞரின் கார் அத்தகுதியை இழந்திருக்கும்.

புதுக்கினால் மட்டும் போதாது, பேணுதலும் வேண்டும். ஓடாத கார், பேசாத மொழி போன்றது; நின்ற இடத்திலேயே கெடும். ஆகவே குறித்த இடைவெளிகளில் அதனை ஓட்டுதல் வேண்டும். எண்ணெயின் அளவைக் காட்டும் கருவி இதில் இல்லை. எஞ்சினின் அடியில் மேலும் கீழுமாக இரண்டு சிறு திருகுகுழாய்கள் உள்ளன. கீழ்க்குழாயைத் திறந்தால் எண்ணெய் வரவேண்டும். மேற்குழாயைத் திறந்தால் வரலாகாது. இன்றைய பெட்ரோலிலும் எச்சரிக்கை வேண்டும். இந்தியாவில் 2023 முதல் இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். பழைய ரப்பரையும் தக்கையையும் கெடுக்கும். ஆதலின், நெடுநாள் நிறுத்தும்போது தொட்டியை வடித்துவிடுதலும், அத்தகைய உறுப்புகளை அடிக்கடி நோக்குதலும் இன்றியமையாதன.

கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினைக் கிளப்பும்போது மிகுந்த விழிப்பு வேண்டும். தீப்பொறி முன்னதாகத் தோன்றினால், கைப்பிடி எதிர்த்துத் திரும்பி மணிக்கட்டை முறித்துவிடும். எனவே, பொறியைத் தாமதப்படுத்தும் நெம்புகோலை முதலில் உரிய நிலையில் வைப்பர். கட்டை விரலைக் கைப்பிடியைச் சுற்றி வளைக்காமல் மற்ற விரல்களோடு ஒருபுறமாகவே வைத்து, கீழே அழுத்தாமல் மேல்நோக்கி இழுப்பர். தெரிந்தவர் அருகில் இன்றி இதனைச் செய்தல் ஆகாது.

இத்தகைய கைத்தொழில் அறிவு நம் நாட்டுக்குப் புதிதன்று. கோயம்புத்தூரை அடுத்த கலங்கலில் 1893-இல் பிறந்த ஜி. டி. நாயுடு அவர்கள், தாம் வாங்கிய மோட்டார் சைக்கிளைப் பகுதி பகுதியாகப் பிரித்து, மீண்டும் பூட்டியே அதன் நுட்பத்தைக் கற்றார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தை ஓட்டித் தொழில் தொடங்கினார். இரண்டாம் உலகப்போரின்போது பெட்ரோல் அரிதாகியது. அக்காலத்தில் மதுரை டி. வி. சுந்தரம் ஐயங்கார் நிறுவனத்தார், கரியிலிருந்து வாயு உண்டாக்கும் கருவியைச் செய்து, பேருந்துகள் நில்லாது ஓட வழிசெய்தனர். கையிலுள்ளதைக் கொண்டு ஓட்டிவிடும் இவ்வாற்றலே பழைய கார்கள் நமக்குக் கற்பிப்பது. இன்று கோயம்புத்தூர் அவினாசி சாலையில், ஜி. டி. நாயுடு அறநிலையத்தார் 2015-இல் திறந்த கார் அருங்காட்சியகத்தில், 1886-ஆம் ஆண்டுப் பென்ஸ் ஊர்தியின் மாதிரி முதலாகப் பல ஊர்திகளைக் காணலாம். வாய்ப்புள்ளோர் சென்று காண்க. எங்கு எந்தக் காரைக் கண்டாலும், அதன் பளபளப்பை மட்டும் நோக்காது, உள்ளே எது எதனை இயக்குகிறது என்று வினவுக.

பணி தொடங்கிப் பதினான்கு திங்கள் சென்றபின், ஒரு காலைப்பொழுதில் என் மாணவர் கைப்பிடியை மேல்நோக்கி இழுத்தார். மூன்றாம் முறை எஞ்சின் இருமியது. நான்காம் முறை பேசியது. தச்சரும், அந்த இளைஞரும், நானும் அதில் ஏறினோம். அதியமான்கோட்டை வரை மெல்லச் சென்று மீண்டோம். வழியில் பலர் நின்று பார்த்தனர். முதியவர் ஒருவர் தம் தலைத்துண்டை எடுத்து ஆட்டினார். இளைஞரோ ஒன்றும் பேசவில்லை. கதவின் விளிம்பை வருடியபடியே வந்தார்.

திரும்பியதும், சக்கரம் ஒன்றில் மெல்லிய ஓசை கேட்பதாகத் தச்சர் கூறினார். எஞ்சினின் அடியில் எண்ணெய் சொட்டுவதை என் மாணவர் கண்டார். இருவரும் சிறிதும் சலியாது சட்டைக் கையை மடித்துக்கொண்டு பணியில் இறங்கினர். அன்று மாலையே அந்தக் கார், மூடி திறந்து, ஒரு சக்கரம் கழன்று, மீண்டும் பட்டறையில் நின்றது. அதியமானுடைய வேல்களும் அன்று அவ்வாறே அன்றோ கிடந்தன!